ஜி.ஐ. பைப்பில் மேசைக்கால்

மேசை ஆடுவதற்குப் பெரும்பாலும் பைப்பின் தடிமன் காரணமல்ல, கால்கள் தனித்தனியே நிற்பதுதான் காரணம். பைப் முனையில் மாட்டும் ஃபிளாஞ்சை மட்டும் நம்பிப் பலகையில் முடுக்கினால், பக்கவாட்டில் தள்ளும் விசை முழுவதும் அதன் மரையிலும் நான்கு ஸ்க்ரூவிலும் விழுகிறது. அதனால் முக்கால் அங்குலப் பைப்பே ஆனாலும், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் டீ (T) இணைப்பு வைத்துக் கால்களைக் குறுக்கே இணையுங்கள். நாற்புறமும் மூடிய சட்டமென்றால் பைப்பைச் சுழற்றாமலே இறுக்கும் யூனியன் இணைப்பு கட்டாயம் வேண்டும். பைப்பின் இரு முனையிலும் வலமரை என்பதால், ஒரு முனையை இறுக்கும்போது மறுமுனை தளரும்.

வெல்டிங் மலிவு, உறுதியும்கூட என்பார்கள்; உண்மைதான். ஆனால் ஜி.ஐ. பைப்பின் துத்தநாகப் பூச்சு எரிந்து கிளம்பும் புகை காய்ச்சலைத் தரும். வீடு மாறும்போது மேசையைக் கழற்றவும் முடியாது. டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். அது நீர்க்கசிவைத் தடுக்க உதவுவது. இங்கே பைப் ரெஞ்சால் நன்றாக இறுக்கினாலே போதும்.