படத்தின் பின்னால் பேர் எழுதுங்கள்: ஊர் வரலாற்றை வீட்டிலேயே காக்கச் சில குறிப்புகள்

சம்மாந்துறையில் 1948 இல் பிறந்த அரசியல் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரஃபின் படத்துக்கு இந்தப் பக்கம் பஞ்சமே இல்லை. கூட்டத்தில் அவர் பேசியது, மாலை போட்டது, யாருடனோ கைகுலுக்கியது என்று வீட்டுக்கு ஒன்றாவது இருக்கும். அதே கூட்டத்துக்கு வயலிலிருந்து நேரே வந்து ஓரத்தில் நின்றவரின் பேர் அந்தப் படத்தில் எங்கும் இல்லை. ஊர் வரலாறு பெரும்பாலும் இப்படி ஓரத்தில் நிற்பவர்களுடையது. அது வீட்டு அலுமாரியில் இருக்கிறது. கீழ்வரும் வேலைகளுக்குப் பெரிய செலவு கிடையாது. ஒரு பென்சில், ஒரு போன், கொஞ்சம் பொறுமை போதும்.

1. பேர் முதலில், பழுது பார்ப்பது பிறகு. கிழிந்த படத்தை எப்போதும் ஒட்டிக்கொள்ளலாம். படத்தில் இருப்பவரை அடையாளம் காட்டக்கூடிய கடைசி மனிதர் மௌத்தாகிவிட்டால் அந்தப் படம் யாருடையதும் அல்ல. படத்தைக் குப்புற, கடினமான மேசையில் வைத்து, மென்மையான பென்சிலால் (4B நல்லது) ஓரமாக, அழுத்தாமல் எழுதுங்கள். போல்பொயின்ட் பேனா வேண்டாம். அழுத்திய தடம் முன்பக்கம் தெரியும், மையும் அடுத்த படத்தில் ஒட்டும். பின்பக்கம் வழவழப்பாக இருந்து பென்சில் பிடிக்காவிட்டால், கடித உறையில் எழுதிவிட்டுப் பிறகு படத்தை உள்ளே வையுங்கள். “காக்கா, மச்சான், சாச்சா” என்று மட்டும் எழுதினால் பேரப்பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது. முழுப்பேர், தாய் தகப்பன் பேர், குடி (தாய்வழிக் குலம்), வீடு இருந்த ஒழுங்கை என எழுதுங்கள். இடமிருந்து வலம், முன்வரிசை பின்வரிசை என்று பிரியுங்கள். சந்தேகமாயிருந்தால் “இருக்கலாம்” என்று ஒரு சொல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2. மாரியில் அல்பத்தைத் திறக்காதீர்கள். ஐப்பசி முதல் தை வரை நம் பக்கத்துக் காற்றில் ஈரம் அதிகம். படங்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதும் பூஞ்சணம் பிடிப்பதும் அப்போதுதான். கோடையில், வெயில் நேரே படாத அறையில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலங்களை எறியாமல் வெயிலில் காயவைத்து, படம் வைத்திருக்கும் தகரப் பெட்டியில் போடலாம். பூச்சி உருண்டையைப் படத்தில் படும்படி போடவேண்டாம்.

3. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எல்லாரும் ஆசையாய் வாங்கிய, பசை பூசிய பக்கத்துக்கு மேல் பிளாஸ்டிக் தாள் மூடும் அல்பம் படத்துக்கு எமன். அந்தப் பசை ஆண்டு போகப் போக இறுகி, மஞ்சளாகி, படத்தைத் தின்னும். முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் அப்படியே போனில் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படம் இருந்தது என்பதும் ஒரு தகவல்தான். பிறகு மெல்லிய தையல் நூலைப் படத்துக்கும் பக்கத்துக்கும் நடுவே விட்டு, அறுப்பது போல் இழுத்துக் கழற்றிப் பாருங்கள். வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

4. சுவரில் மாட்டிய படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிரிக்க முயலவே வேண்டாம். முகம் கண்ணாடியில் தங்கிவிடும். கண்ணாடியோடே படம் பிடிக்கலாம்: வெளிச்சம் பக்கவாட்டில் வரட்டும், நீங்கள் ஒரு கறுப்புத் துணியை முன்னால் பிடித்து, அதன் துவாரத்தில் போனை வைத்து எடுத்தால் உங்கள் நிழலும் மின்குமிழும் கண்ணாடியில் விழாது.

5. ஸ்கேன் செய்யும் வசதி இருந்தால் சாதாரண படத்துக்கு 600 டிபிஐ, முத்திரை அளவு படத்துக்கு 1200 டிபிஐ வையுங்கள். போனில் எடுப்பதானால் விறாந்தையில், ஃபிளாஷ் போடாமல், போன் படத்துக்குச் சமாந்தரமாக இருக்கும்படி பிடியுங்கள். பின்பக்கத்தையும் எடுக்க மறக்கவேண்டாம். ஸ்டூடியோ முத்திரை அங்கேதான் இருக்கும். எடுத்ததை வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிப்போகும். ஆவணமாக, அதாவது ‘டொக்கியுமென்ட்’ என்ற வழியில் அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். குடும்பக் குழுக்களில் இப்போது சுற்றிக்கொண்டிருப்பவை பெரும்பாலும் சுருங்கிய பிரதியின் சுருங்கிய பிரதிகள். அசல் யார் வீட்டில் என்று கேட்டு அங்கே போங்கள்.

6. மூத்தம்மாவின் படம் இல்லை என்கிறார்களா? அடையாள அட்டையைப் பாருங்கள். தேசிய அடையாள அட்டை 1972 இல் வந்தது. அதற்கு முன் கமராவுக்கு முன்னால் உட்காராத பெண்கள் நம் ஊர்களில் நிறையப் பேர். பலருக்கு வாழ்நாளில் எடுத்தது அந்த ஒரு படமும், ஹஜ்ஜுக்குப் போயிருந்தால் பாஸ்போட் படமும்தான். பழைய அட்டையின் இலக்கமே கொஞ்சம் பேசும். முதல் 2 இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த 3 இலக்கம் ஆண்டின் எத்தனையாம் நாள் என்பது. பெண்ணென்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். ஆனால் அந்தக் காலத்து ஆட்களின் பிறந்த திகதி பெரும்பாலும் விதானையார் மட்டுக்கட்டிச் சொன்னதுதான் என்பதால், அதன் மேல் சத்தியம் பண்ணவேண்டாம்.

7. ஆண்டு தெரியாத படத்துக்கு ஆண்டு கண்டுபிடிக்க: ஓரம் பல்லுப் பல்லாக வெட்டிய சிறிய கறுப்பு வெள்ளைப் படங்கள் பெரும்பாலும் ஐம்பதுகள், அறுபதுகள். சிவந்து வெளிறிய வர்ணப் படம் எழுபதுகள், எண்பதுகள். கடித உறையில் ‘சிலோன்’ என்ற முத்திரை இருந்தால் பெரும்பாலும் 1972 மே மாதத்துக்கு முந்தியது. விலாசத்தில் சம்மாந்துறைக்குப் பக்கத்தில் மட்டக்களப்பு மாவட்டம் என்றிருந்தால் பிழையென்று நினைக்காதீர்கள். அம்பாறை 1961 இல்தான் தனி மாவட்டமானது.

வயதானவர்களிடம் “எத்தனையாம் ஆண்டு?” என்று கேட்டால் முழிப்பார்கள். “57 வெள்ளத்துக்கு முந்தியா பிந்தியா?”, “சூறாவளிக்கு அந்த வீட்டுக் கூரை போனதா?” என்று கேளுங்கள். சூறாவளி அடித்தது 1978 நவம்பர் 23. கல்லோயாத் தண்ணீர் வந்தது, சிறிமாவோ காலத்தில் பாணுக்கு வரிசையில் நின்றது, சுனாமி என்று வரிசைப்படுத்தினால் எந்தக் கல்யாணத்துக்கும் ஐந்தாறு ஆண்டுக்குள் ஒரு கணக்கு வந்துவிடும்.

8. பேட்டி எடுப்பதுதான் இதில் பெரிய வேலை. ஆளை உட்கார வைத்து “அந்தக் காலத்து வாழ்க்கை எப்படி இருந்தது?” என்று கேட்டால், “நல்லாத்தான் இருந்த மகன்” என்ற பதிலோடு முடிந்துவிடும். சின்னதாய்க் கேளுங்கள். “உங்கட கல்யாணத்துக்குச் சோறாக்கின ஆரு? அரிசி எங்க குத்தின? ஆத்துக்கு அங்கால இருந்து மாப்பிள்ள எதுல வந்த?” இப்படிக் கேட்டால் ஒரு மணித்தியாலம் போவது தெரியாது.

கையில் ஒரு பழைய படத்தைக் கொடுத்துவிட்டுப் பேச விடுவது இன்னும் நல்லது. களவெட்டியில் எடுத்த படமொன்றை ஒரு மூத்தம்மாவின் கையில் கொடுத்தபோது, அவர் படத்தில் நின்ற ஆட்களைப் பார்க்கவே இல்லை. மூலையில் கிடந்த, நெல் அளக்கும் மரைக்காலைத் தொட்டு, “இது எங்கட வாப்பாடது, அடியில இரும்பு வளையம் கட்டிக்கிடக்கும்” என்றார். பிறகு அளந்தவர் யார், கூலியாக எத்தனை மரைக்கால், போடியார் வீட்டுக்கு எவ்வளவு, எருமை மாட்டுக்காரனுக்கு எவ்வளவு என்று கணக்கு முழுவதும் வந்தது. படத்தில் நடுவில் நின்ற போடியாரின் பேர் கடைசிவரை வரவில்லை. அவருக்கு அது தேவைப்படவுமில்லை.

நெல்லைப் பற்றிக் கேட்கிறபோது அணைக்கட்டுக்கு முன், பின் என்று பிரித்துக் கேளுங்கள். கல்லோயா அபிவிருத்திச் சபை 1949 இல் தொடங்கியது. இங்கினியாகலையில் பட்டிப்பளை ஆற்றை மறித்துச் சேனநாயக்க சமுத்திரம் வந்தது. நம் வட்டைகளுக்குத் தண்ணீர் வந்த விதமே அதோடு மாறியது. அதற்கு முன் வாய்க்கால் வெட்டியது யார், வட்டை விதானையை எப்படித் தெரிவு செய்தார்கள், எருமை கட்டிச் சூடு மிதித்த கடைசிப் போகம் எது, முதல் ட்ரெக்டர் யாருடையது என்பதெல்லாம் எந்த அரச அறிக்கையிலும் கிடைக்காது.

வீட்டைப் பற்றிக் கேளுங்கள். நம் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் போகும். மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவார். ஆகவே ஒரு வளவின் வரலாற்றைத் தகப்பன், மகன் என்று தேடினால் பாதியில் அறுந்துபோகும். உம்மா, உம்மாவின் உம்மா என்று தேடினால் நேராகப் போகும். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1969 தொடக்கம் அக்கரைப்பற்றில் தங்கிக் கேட்டவை இப்படியான கேள்விகள்தான்: வீடு யாருக்கு, என்ன குடி, பள்ளியில் அந்தக் குடிக்கு யார் மரைக்காயர். அந்தக் கேள்விகள் 2008 இல் ஒரு பெரிய நூலாயின. சம்மாந்துறைக்காரர் கேட்டால் இன்னும் உள்ளே போகலாம், “நீ ஆர்ர மகன்?” என்ற முதல் கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்கிறது.

9. ஒலிப்பதிவுக்குச் சில சின்ன விசயங்கள். போனை மேசையில் நேரே வைக்காமல் மடித்த துவாயின் மேல் வையுங்கள். விமான நிலையில் போடுங்கள், நடுவில் அழைப்பு வந்தால் பதிவு நின்றுவிடும். ஃபேனை நிறுத்துங்கள், வேர்க்கும், பரவாயில்லை. நோன்பு காலத்துப் பின்னேரம் வேண்டாம். மற்ற நாட்களில் அஸருக்குப் பிறகோ காலையிலோ அரை மணித்தியாலம், முக்கால் மணித்தியாலம் போதும், மீதி இன்னொரு நாள். தொடக்கத்தில் திகதி, இடம், பேசுபவர், கேட்பவர் பேரை நீங்களே சொல்லுங்கள். நடுவில் பாங்கு விழுந்தால் பேச்சை நிறுத்தி விடுங்கள், பதிவை நிறுத்தவேண்டாம்.

நாட்டார் கவி பாடக் கேட்டால் சில மூத்தம்மாமார் இப்போது பாட மாட்டார்கள். பாட்டுக் கூடாது என்று பிள்ளைகள் சொல்லியிருப்பார்கள், அல்லது அவர்களே அப்படி நினைப்பார்கள். வற்புறுத்தாதீர்கள். “பாட வேணாம், சொல்லுங்க” என்றால் பெரும்பாலும் சொல்வார்கள்.

10. அலுமாரியின் அடித்தட்டில் கசெட் இருக்கிறதா என்று பாருங்கள். எண்பதுகளில் சவூதிக்கும் குவைத்துக்கும் போனவர்கள் எழுத நேரமில்லாமல், அல்லது எழுதத் தெரியாமல், கசெட்டில் பேசி அனுப்பினார்கள். இங்கிருந்தும் பேசி அனுப்பினார்கள். பிள்ளையின் முதல் சொல், வீடு கட்டும் கணக்கு, மாமியோடு சண்டை எல்லாம் அதில் கிடக்கும். வெளிநாட்டுச் சம்பாத்தியம் இந்த ஊரை எப்படி மாற்றியது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சணம் தெரிந்தால் ஓட்டவேண்டாம். இல்லாவிட்டால் ஒரு முறை முழுவதும் முன்னுக்கு ஓடவிட்டு, பின்னுக்குச் சுற்றி, பிறகு ரேடியோவின் இயர்போன் துளையிலிருந்து கம்பியூட்டருக்கு வயர் போட்டுப் பதியுங்கள். கேட்கும் முன் அதில் பேசியவரிடம் அனுமதி வாங்குங்கள். அது கடிதம்.

11. ஆள் படம் மட்டும் படமல்ல. வெற்றிலை வட்டா, படிக்கம், மரைக்கால், பன்பாய், கதவு நிலை, கிணற்றடி எல்லாவற்றையும் எடுங்கள். பக்கத்தில் ஓர் அடிமட்டத்தை வைத்தால் அளவு தெரியும். பழைய வீட்டை உடைத்து மேல்மாடி கட்டப்போகிறவர்கள் உடைப்பதற்கு முதல் நாள் எல்லா அறையையும் எடுக்கட்டும். காணி உறுதி, கைக்கூலி எழுதிய கல்யாணப் பதிவு ஆகியவற்றையும் எடுத்து வையுங்கள். மையவாடியில் எழுத்துள்ள மீஸான் கட்டைகளைக் காலை வெயில் சரிந்து விழும்போது எடுத்தால் எழுத்துத் தெரியும். சுண்ணாம்பு பூசி எழுத்தை எடுப்பாக்க வேண்டாம். அரபுத் தமிழ்க் கிதாபு, கிழிந்த சிற்றிதழ் என்று எது கிடைத்தாலும் பழைய பேப்பர்காரனுக்குப் போடாதீர்கள். சாய்ந்தமருது எஸ்.எச்.எம். ஜெமீல் ‘சுவடி ஆற்றுப்படை’ என்று இலங்கை முஸ்லிம்களின் தமிழ் நூல்களைப் பல பாகங்களாகப் பட்டியலிட முடிந்தது, யாரோ சிலர் அப்படிப் போடாததால்தான்.

12. 1990 வன்செயலைப் பற்றிக் கேட்பதென்றால் தனியாகப் போங்கள், கமராவோடு போகாதீர்கள். அந்த ஓகஸ்டில் முஸ்லிம்களும் ஆட்களை இழந்தார்கள். பக்கத்து வீரமுனையில் தமிழர்களும் இழந்தார்கள். பேசுபவர் நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள். ஒரு பக்கத்துக் கதையை மட்டும் பதிந்து ஊர் வரலாறு என்று பேர் வைக்கவேண்டாம். அதற்கு முன்னர் இரண்டு ஊருக்கும் இருந்த வயல் கூட்டு, கடைக் கணக்கு, கல்யாணச் சாப்பாடு பற்றியும் கேளுங்கள்.

13. இரண்டு கோப்புறை வையுங்கள்: ஒன்று ‘வீட்டுக்கு’, மற்றது ‘ஊருக்கு’. தலையில் முக்காடில்லாமல் மாமி எடுத்த இளவயதுப் படத்தைப் பொதுவில் போட அவர் விரும்பாமல் இருக்கலாம். மௌத்தான ஒருவரின் படத்தைப் பிள்ளைகள் விரும்பாமல் இருக்கலாம். அழிக்கச் சொன்னால் அழிக்காமல் ‘வீட்டுக்கு’ என்ற கோப்புறையில் வைக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். வேண்டாமென்றால் வேண்டாம்தான்.

14. இது நம் ஊருக்கென்றே உள்ள வேலை. 2004 டிசெம்பர் 26 சுனாமியில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர்க் கரையில் எத்தனையோ வீடுகளின் அல்பங்களும் கடலோடு போயின. சம்மாந்துறை உள்ளே இருந்ததால் தப்பியது. கரையோரச் சொந்தக்காரரின் கல்யாணம், சுன்னத்து வைபவம், கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றம் என்று அதற்கு முன் அவர்கள் ஸ்டூடியோவில் கழுவி அனுப்பிய பிரதிகள் உங்கள் அல்பத்தில் இன்னும் இருக்கலாம். அவர்களிடம் அந்தப் படத்தின் வேறு பிரதி இல்லாமலும் இருக்கலாம். தேடி எடுத்து, நல்ல பிரதி போட்டு, கையில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

வெள்ளத்தில் படம் நனைந்தால் காய விடாமல் சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் மெல்ல அலசி, முகப்பக்கத்தைத் தேய்க்காமல், நிழலில் துணி விரித்து முகம் மேலாகப் பரப்புங்கள். இரண்டு நாளைக்குள் முடியாத அளவு இருந்தால் இடையிடையே பிளாஸ்டிக் தாள் வைத்து ஃப்ரீசரில் போட்டுவிட்டு, ஆறுதலாகப் பாருங்கள். 2011 சுனாமிக்குப் பிறகு ஜப்பானில் தொண்டர்கள் சேற்றில் கிடந்த படங்களை இப்படிக் கழுவித்தான் உரியவர்களிடம் சேர்த்தார்கள்.

15. மூன்று பிரதி வையுங்கள். ஒன்று கம்பியூட்டரில், ஒன்று தனி ஹாட் டிஸ்க்கில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் பிள்ளையின் வீட்டில். கோப்புக்கு ‘1978_சூறாவளி_பள்ளியடி_01’ என்பது போல் பேர் வையுங்கள். பொதுவில் கொடுக்க இசைவுள்ளவற்றை, 2005 முதல் இணையத்தில் இயங்கும் நூலகம் எண்ணிம நூலகத்துக்குக் கொடுக்கலாம். அவர்கள் நூல்களோடு படங்களையும் ஒலிப்பதிவுகளையும் சேர்க்கிறார்கள். யாருக்குக் கொடுத்தாலும் அசலைக் கொடுக்கவேண்டாம். பிரதி கொடுத்து, யார் கொடுத்தது, என்னென்ன, எந்த நிபந்தனையில் என்று ஒரு தாளில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு, உங்கள் பிரதியைக் காணி உறுதியோடு வையுங்கள்.