நெல்லும் தீட்டலும்

தீட்டுதல் என்பது பல பொருள் குறித்த ஒரு சொல். கத்தியைக் கூராக்குதலும் தீட்டுதல். ஓவியம் வரைதலும் தீட்டுதல். அரிசியின் தவிட்டைப் போக்கி வெண்மையாக்குதலும் தீட்டுதல். தீட்டத் தீட்டப் பொருள் சிறக்கும் என்பது பொதுவாக நாம் கொண்டுள்ள எண்ணம். அரிசியைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் எத்துணை உண்மை என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருகோணமலை மாவட்டத்தில் நெல்லைப் பற்றிக் கற்கக் கிண்ணியாவினும் ஏற்ற இடம் அரிது. ஒரு புறம் கடல். மறுபுறம் கந்தளாய்க் குளத்து நீர் பாயும் தம்பலகாமத்து வயல்வெளி. கொட்டியாரக் குடாவில் வந்து கலக்கும் மகாவலி கங்கை. முன்னாளில் துறையில் பாதையேறியே அங்குச் செல்லவேண்டியிருந்தது. 2009ஆம் ஆண்டில் 396 மீற்றர் நீளமுள்ள பாலம் திறக்கப்பட்ட பின்னர் அவ்விடர் நீங்கிற்று. அவ்வூரிலுள்ள நெல்லாலை ஒன்றைக் காணும் பொருட்டு எம் மாணவர் சிலரைக் கல்விச் சுற்றுலாவாக அழைத்துச் சென்றோம். அங்குக் கண்டவற்றை முதற்கண் கூறுவாம்.

வந்திறங்கும் நெல் முதலில் பதர், வைக்கோல், கல், மண் ஆகியவற்றினின்றும் பிரிக்கப்படுகின்றது. புழுங்கலரிசிக்குரிய நெல்லைத் தொட்டிகளில் ஊறவைத்து, நீராவியால் அவித்து, உலர்த்துகின்றனர். அவிப்பதற்கு வேண்டிய நெருப்பிற்கு உமியே விறகாகின்றது. நெல் தன் மேலாடையைக் கொடுத்துத் தன்னையே வேகவைத்துக்கொள்கின்றது எனலாம். உலர்ந்த நெல், வெவ்வேறு வேகத்திற் சுழலும் இரண்டு இறப்பர் உருளைகளினிடையே செல்லும்போது உமி கழன்று விழுகின்றது. அப்போது வெளிவருவதே தவிடு நீங்காத முழு அரிசி. இதன் பின்னரே தீட்டல் தொடங்குகின்றது. சொரசொரப்பான கல்லுருளையிலும், பின்னர் அரிசியோடு அரிசி உராயும் அறையிலும் தவிடு சிறிது சிறிதாக நீக்கப்படுகின்றது. இறுதியில் குறுநொய் வேறு, முழுமணி வேறு எனச் சல்லடை பிரித்துவிடுகின்றது. 100 கிலோ நெல்லில் ஏறத்தாழ 20 கிலோ உமியாகவும், 8 முதல் 10 கிலோ வரை தவிடாகவும் கழிய, எஞ்சிய 70 கிலோ அளவே அரிசியாகக் கிடைக்கும்.

ஆலை முதலாளியிடம் மாணவன் ஒருவன், "முதலாளி, இன்னும் கொஞ்சம் குறைத்துத் தீட்டினால் என்ன?" என்று வினவினான். அவர் சிரித்துக்கொண்டே, "தம்பி, நான் தீட்டுவது கல்லால் அல்ல, வாங்குபவரின் கண்ணால்" என்று விடை பகர்ந்தார். வெண்மை குறைந்தால் விலையும் குறையும் என்பதே அவர் சொல்லியதன் கருத்து. இவ்விடையே எம்மை மேலும் சிந்திக்கத் தூண்டிற்று.

தீட்டலை அதன் எல்லைவரை கொண்டுசென்ற நாடு யப்பான். அந்நாட்டார் அரிசியினின்றும் சாக்கே என்னும் மதுவை வடிக்கின்றனர். மது நமக்கு ஏற்புடைத்தன்று. எனினும் அதற்கென அவர்கள் அரிசியைப் பதப்படுத்தும் முறை அறியத்தக்கது. உண்ணும் அரிசியில் பத்தில் ஒரு பங்கு அளவே தீட்டி நீக்கும் அவர்கள், ஜின்ஜோ என்னும் உயர்வகைச் சாக்கேக்குரிய மணியில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமலும், டைஜின்ஜோ என்னும் வகைக்குப் பாதிக்குக் குறையாமலும் நீக்கிவிடுகின்றனர். செங்குத்தாக நிற்கும் பொறியில், அரிசி சூடேறி வெடிக்காதவண்ணம், இரண்டு நாள்வரையிலும் மெல்ல மெல்லத் தீட்டுவர். பின்னர் வாரக்கணக்கில் ஆறவிடுவர். உடனே நீரிலிட்டால் மணி பிளந்துவிடும். யமதா நிஷிக்கி என்பது இத்தொழிலுக்கெனப் பெயர்பெற்ற நெல்வகை. அதன் மணி பெரிது. நடுவில் மாப்பொருள் செறிந்த வெண்கரு உண்டு. மணியின் புறத்தேயுள்ள கொழுப்பும் புரதமும் மதுவின் மணத்தையும் சுவையையும் கெடுக்குமாதலின், அவற்றை நீக்கி மாப்பொருளை மட்டுமே வேண்டுகின்றனர். எனவே அத்தொழிலில் அளவிறந்த தீட்டல் பொருத்தமுடையதே.

ஆயின், மதுவிற்கு வேண்டாதது உடலுக்கும் வேண்டாததோ? இவ்வினாவிற்கு யப்பானின் வரலாறே விடை கூறுகின்றது. இன்று தோக்கியோ எனப்படும் எடோ நகரில் வாழ்ந்தோர் வெள்ளையரிசிச் சோற்றை மேன்மையாகக் கருதினர். அவர்களைக் கால் வீக்கமும் தளர்ச்சியும் நெஞ்சுத் துடிப்பும் பற்றின. நாட்டுப்புறம் திரும்பியபோது அவை நீங்கின. ஆதலின் அதனை எடோ நோய் என்றனர். 1882ஆம் ஆண்டு இறுதியிற் புறப்பட்ட றியூஜோ என்னும் பயிற்சிக் கப்பலில் 376 பேருள் 169 பேர் நோயுற்றனர். 25 பேர் மாண்டனர். கடற்படை மருத்துவர் தக்காக்கி கனெஹிரோ 1884இல் உணவை மாற்றி மற்றொரு கப்பலை அதே வழியில் அனுப்பச் செய்தார். ஒருவரும் இறக்கவில்லை. அந்நோயே பெரிபெரி. "இயலாது" எனப் பொருள்படும் சிங்களச் சொல்லின் அடுக்கிலிருந்து இப்பெயர் பிறந்தது என்பர்.

இனி, தமிழர் பெருமையோடு நினைவுகூரத்தக்க ஒரு செய்தியுண்டு. மலாயாவில் பெரிபெரி பரவிய காலத்தில், வெள்ளைப் பச்சையரிசி உண்ட சீனத் தொழிலாளர் பெருந்தொகையாக மடிந்தனர். புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரை அந்நோய் பெரும்பாலும் அணுகவில்லை. பிராடன் என்னும் மருத்துவர் இவ்வேறுபாட்டை நுணுகி ஆராய்ந்தார். பிளெச்சர் என்னும் மருத்துவர் 1905இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் இதனைச் சோதித்தார். நோயாளரை இரு கூட்டமாக்கி, ஒரு கூட்டத்தாருக்கு வெள்ளையரிசியும் மற்றவர்க்குப் புழுங்கலரிசியும் அளித்தார். முன்னவருட் பலர் நோயுற்றனர், 18 பேர் இறந்தனர். பின்னவருள் அந்நோயால் இறந்தார் எவருமிலர். இடமே காரணமோ என ஐயுற்று இரு கூட்டத்தாரையும் இடம் மாற்றிப் பார்த்தார். அப்போதும் வெள்ளையரிசி உண்டாரையே நோய் தொடர்ந்தது.

காரணம் யாது? அரிசியின் தவிட்டிலும் முளைக்கருவிலும் தயமின் எனப்படும் பி1 உயிர்ச்சத்து உண்டு. பத்தாவியாவில் ஐக்மன் என்பார் 1890களில் கோழிகளைக் கொண்டு செய்த ஆய்வு இதற்கு வழிகாட்டிற்று. அதன் பொருட்டு அவருக்கு 1929இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. 1926இல் அச்சத்துத் தவிட்டினின்றும் பிரித்தெடுக்கப்பட்டது. இச்சத்து நீரிற் கரைவது. நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலுள்ள சத்தின் ஒரு பகுதி நீரோடு மணியின் உள்ளே புகுந்து தங்கிவிடுகின்றது. பின்னர் தீட்டினும் அது முற்றாக நீங்குவதில்லை. அன்றியும் அவித்த நெல்லின் மணி இறுகுவதால் நொய்யும் குறைகின்றது. உயிர்ச்சத்து என்னும் பெயரே தோன்றாத காலத்தில், அடுப்பங்கரையில் நின்று நெல்லவித்த பெண்கள் ஒரு பெரு மருந்தைத் தம்மையறியாமலே நம் குடிகளுக்கு ஊட்டிவந்தனர்.

அவர்கள் குற்றிய உரலும் உலக்கையும் இன்று மறைந்துவிட்டன. உலக்கை கொண்டு குற்றுங்கால் பாடும் பாட்டு வள்ளை எனப்படும். சிலப்பதிகாரத்து வாழ்த்துக்காதை அதற்கும் இடந்தந்துள்ளது. உரற்குத்து தவிட்டை ஓரளவே நீக்கும். பொறியோ நாம் வேண்டுமளவும் நீக்கும். ஆகவே அளவை அறியவேண்டிய பொறுப்பு இன்று நம்முடையதாயிற்று. பொறியைப் பழித்துப் பயனில்லை. தவிட்டிலுள்ள எண்ணெய் விரைவிற் காறிப்போவதால், தீட்டாத அரிசி நெடுநாள் நில்லாது என்பதும் உண்மையே. ஆயினும் மிகத் தீட்டிய வெள்ளையரிசியை விடுத்து, குறையத் தீட்டிய சிவப்பரிசியையோ புழுங்கலரிசியையோ விரும்பி வாங்குதல் நம்மால் இயலும். அரிசியைப் பன்முறை கசக்கிக் கழுவாதிருத்தலும், வடித்த கஞ்சியை வீணே கொட்டாதிருத்தலும் இயலும். நாம் கேட்பது மாறினால் கிண்ணியா ஆலையின் கல்லும் அதற்கேற்ப மாறும். அவ்வாலை முதலாளி உரைத்ததன் மறுபுறம் இதுவே.

ஆசிரியத் தொழில் பூண்ட எமக்கு இதில் மற்றொரு படிப்பினையும் தோன்றுகின்றது. மாணவரைத் தீட்டுதலே கல்வி என்பர். மணியிலிருந்து எதனை நீக்குவது, எதனை விடுவது என்பது அம்மணி எதற்குப் பயன்பட வேண்டும் என்பதைப் பொறுத்தது. பரீட்சைப் பெறுபேறு என்னும் வெண்மையொன்றையே நாடி, விளையாட்டையும் கைத்தொழிலையும் ஊர்வழக்கையும் தாய்மொழிச் சுவையையும் தவிடெனக் கழித்துவிட்டால், பார்வைக்கு ஒளிரும் மணிகள் கிடைக்கும். உலகத்துக்கு உரமூட்டும் மாந்தர் கிடையார். நமது கல்லூரியின் பழைய மாணவர்கள் பல துறைகளிலும் சிறந்து விளங்குவதற்கு, இங்கு அவர்கள் பெற்றது அளவறிந்த தீட்டலே காரணம் என்பது எமது துணிபு. வருங்கால மாணவர்க்கும் அவ்வளவு தவறாது காத்தல் நம் அனைவரின் கடனாகும்.