எழுத்தாக வரும் தொகையை எண்ணாக்க: கோபோல் நிரலருக்கு

வெளியிலிருந்து வரும் கோப்பில் தொகை ‘1,23,456.78’ என்று கமாவோடு இருந்தால், கோபோலுக்கு அது எண் அல்ல, வெறும் எழுத்துவரிசை.

செய்ய வேண்டியவை

• நம்வேல்-சி ஃபங்ஷனையே பயன்படுத்துங்கள். 1989-லேயே மொழியில் சேர்ந்துவிட்டது. கமா, நாணயக் குறி, முன்பின் வெற்றிடம் எல்லாவற்றையும் அதுவே நீக்கிக்கொள்ளும். கமா மூன்று இலக்கத்துக்கு ஒருமுறைதான் வரவேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. நம் லட்சக் கணக்குக்கு இது பெரிய வசதி. சி இல்லாத வெறும் நம்வேல் கமாவை ஏற்காது.

• ரூபாய்க் குறியை முதலில் இன்ஸ்பெக்ட் கொண்டு வெற்றிடமாக்குங்கள். யூடிஎஃப்-8 கோப்பில் ₹ மூன்று பைட் என்பதால் அதை மட்டும் ஃபங்ஷனிடம் விடவேண்டாம். ஆர், எஸ், புள்ளி என்று ஆங்கிலச் சுருக்கமாக வந்தால் அந்தப் புள்ளியையும் சேர்த்தே நீக்குங்கள். தசமப் புள்ளியோடு அது மோதும்.

• விடையைக் கம்ப்யூட் ரவுண்டட் மூலம் வாங்குங்கள், ஆன் சைஸ் எரரும் சேர்த்து. சில கம்பைலர்கள் விடையை மிதவைப்புள்ளி எண்ணாகத் தருகின்றன. மூவ் செய்தால் கடைசிப் பைசா வெட்டுப்படலாம்.

• உங்கள் கம்பைலரில் டெஸ்ட்-நம்வேல்-சி இருந்தால் அதை முதலில் ஓட்டுங்கள். சுழியம் வந்தால் மட்டுமே மேலே செல்லுங்கள்.

செய்யக்கூடாதவை

• சிஆர், டிபி என்ற பின்னொட்டுகளை அப்படியே நம்வேல்-சியிடம் விடாதீர்கள். இதைத்தான் எல்லாவற்றிலும் அதிகமாக வலியுறுத்துவேன். கோபோலுக்கு இரண்டும் எதிர்மறையே. வங்கி பாஸ்புக்கிலோ சிஆர் என்றால் வாடிக்கையாளர் கணக்கில் இருக்கும் பணம். 5,000.00சிஆர் என்ற வரவு நிரலில் மைனஸ் ஐயாயிரமாகிவிடும். எந்தப் பிழைச்செய்தியும் வராது. நம் ஊர் ஸ்டேட்மென்டில் பற்றைக் காட்டும் டிஆர் என்பதையோ அந்த ஃபங்ஷனுக்குத் தெரியவே தெரியாது. பின்னொட்டைத் தனியே பிரித்து, கூட்டலா கழித்தலா என்பதை உங்கள் நிரலே முடிவு செய்யட்டும். அந்த விதியைக் கணக்குப் பிரிவினரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

• அடைப்புக்குறிக்குள் வரும் எதிர்மறைத் தொகையையும் நேராக அனுப்பாதீர்கள். ஃபங்ஷன் அதை ஏற்காது.

• பிக் எக்ஸ் புலத்திலிருந்து பிக் 9 புலத்துக்கு நேரே மூவ் செய்யாதீர்கள். மெயின்ஃபிரேமில் எஸ்0சி7 வந்து வேலை நின்றால்கூட நல்லது. நிற்காமல் தப்பான தொகையோடு ஓடுவதுதான் ஆபத்து. உங்கள் நிரலிலேயே எடிட்டட் பிக்சராக அறிவித்த புலம் என்றால் மூவ் போதும். 1985 தரத்திலிருந்தே அது செல்லும்.

• காலியாக வந்த புலத்தைச் சுழியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தொகை இல்லாத பதிவு பிழைக்கோப்புக்குப் போகட்டும்.