தொண்டையில் எலும்பா, வெறிநோயா?



ஒரு வீட்டை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் இருக்கிற வீடு போன்ற ஒரு வீடுதான். பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன், சாலையோரம் கிடந்த நாய்க்குட்டி ஒன்றைத் தூக்கி வருகிறான். "சரி, கிடந்துட்டுப் போகட்டும்" என்று அம்மாவும் சம்மதிக்கிறாள். பாலும் சோறும் வைக்கிறார்கள். ஒரு மாதம் குட்டி வீடெல்லாம் ஓடியாடுகிறது. பிறகு ஒரு நாள் சோற்றைத் தொடவில்லை. கட்டிலுக்கு அடியில் இருட்டில் போய்ச் சுருண்டுகொள்கிறது. மறுநாள் கீழ்த்தாடை தொங்கிப்போகிறது. வாயிலிருந்து எச்சில் நூல் நூலாக ஒழுகுகிறது. குரைக்கப் பார்த்தால் குரல் கம்மிப்போய் வருகிறது.

"எலும்பு மாட்டிக்கிச்சு போலிருக்கு. வாயைத் திறந்து பாருப்பா" என்கிறார் பாட்டி. அப்பா குட்டியை மடியில் போட்டுக்கொண்டு, விரலை விட்டுத் தொண்டைவரை துழாவிப் பார்க்கிறார். எலும்பு ஒன்றும் அகப்படவில்லை. மூன்றாம் நாள் குட்டி செத்துப்போகிறது. கொல்லையில் புதைத்துவிட்டு, அழுத பையனைத் தேற்றிவிட்டு, அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

அது யாரையும் கடிக்கவில்லை. ஆகவே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்ற நினைப்பே யாருக்கும் வரவில்லை. ஆனால் அப்பாவின் விரலில் அரிவாள் பட்ட காயம் ஆறாமல் இருந்தது. பையனின் முழங்காலில் விழுந்து சிராய்த்த புண் இருந்தது, அதைக் குட்டி நக்கியும் இருக்கிறது. குட்டிக்கு வந்தது வெறிநோய் என்றால், இந்த இருவர் உடம்பிலும் கிருமி ஏறியிருக்கலாம்.

இந்தப் பிரசுரத்தை எழுதக் காரணமே இந்த எலும்புக் கதைதான். வெறிநாய் துரத்திக் கடித்தால் எல்லோரும் பயந்து ஓடி வருகிறார்கள். நம் மடியிலேயே படுத்திருந்து சாகும் நாய்க்குட்டிக்கு யாரும் பயப்படுவதில்லை.

ஓடி வந்து கடிப்பது மட்டும்தான் வெறியா?

வெறிநோய் வந்த நாய் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். ஒன்று நாம் எல்லோரும் அறிந்தது. நாக்கு தொங்க, கண் சிவக்க, காரணமில்லாமல் ஓடும். எதிர்ப்பட்ட ஆளை, மாட்டை, கல்லை, கட்டையைக் கூடக் கடிக்கும். மண்ணையும் துணியையும் விழுங்கும். இது ஆவேச வெறி.

இன்னொன்று ஊமை வெறி. இதில் ஓட்டமும் இல்லை, கடியும் அதிகம் இல்லை. நோய் மூளையைத் தாக்கியதால் தாடையையும் தொண்டையையும் அசைக்கும் நரம்புகள் செயலிழந்து போகின்றன. அதனால்தான் வாய் மூடாமல் தொங்குகிறது. எச்சில் அதிகமாக ஊறுவதோடு, ஊறிய எச்சிலை விழுங்கவும் முடியாமல் வெளியே வழிகிறது. பார்ப்பவர்களுக்கு அது எலும்பு மாட்டிய நாய் போலவே தெரியும். இந்தச் சமயத்தில் அந்த எச்சில் முழுக்கக் கிருமி.

நோய் தொடங்கும்போதே சில அடையாளங்கள் உண்டு. நாயின் குணம் மாறும். சாதுவான நாய் உறுமும். யாரையும் அண்டாத நாய் வந்து காலை உரசும். கூப்பிட்டால் வராது, வெளிச்சத்தைக் கண்டால் ஒதுங்கும், குரைப்பு வேறு மாதிரி ஒலிக்கும். பிறகு பின்கால்கள் தள்ளாடும். அடையாளம் தெரிய ஆரம்பித்தபின் பத்து நாளுக்கு மேல் நாய் உயிரோடு இருப்பதில்லை, பெரும்பாலும் அதற்கு முன்பே இறந்துவிடும்.

"தண்ணியைக் குடிக்குதே, அப்புறம் எப்படி வெறிநாய் ஆகும்?" என்று கேட்பார்கள். தண்ணீரைக் கண்டு நடுங்குவது நோய் முற்றிய மனிதருக்கு வருவது. நாய்க்கு அந்தப் பயம் கிடையாது. வெறிநோய் வந்த நாய் தண்ணீர்ச் சட்டியில் வாயை வைக்கும், குடிக்கவும் பார்க்கும். இந்தச் சோதனையை நம்பி ஏமாறாதீர்கள்.

நாய்க்கு வேறு கடும் நோய்களும் வரும். குட்டிக்கு வாந்தியும் ரத்தப் பேதியும் கண்டால் பெரும்பாலும் அது பார்வோ. டிஸ்டம்பர் என்ற நோயிலும் வலிப்பு வரும், வாயில் நுரை தள்ளும். இவ்விரண்டும் மனிதருக்குத் தொற்றுவதில்லை. ஆனால் வந்தது எந்த நோய் என்று வீட்டில் இருந்தபடி நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது. கால்நடை டாக்டர் கூட, செத்த நாயின் மூளையைச் சோதித்த பிறகுதான் வெறிநோயை உறுதியாகச் சொல்வார். ஆகவே எச்சில் ஒழுகி, தாடை தொங்கும் நாய் எதுவானாலும் வெறிநோய் என்றே வைத்துக்கொண்டு நடப்பது நல்லது.

மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெறிநாய் கடித்த பசு சில வாரம் கழித்து, தீனி எடுக்காமல், கரகரத்த குரலில் கத்திக்கொண்டு, எச்சில் வடித்து நிற்கும். "மாங்கொட்டை சிக்கிக்கிச்சு" என்று கையை முழங்கைவரை உள்ளே விட்டுவிடுவார்கள். நாய்க்குட்டி விஷயத்தில் செய்த அதே தவறுதான். பூனைக்கும் இந்த நோய் வரும், அதன் பிறாண்டலும் கடிதான்.

சந்தேகம் வந்தால் என்ன செய்வது?

வாயைத் திறந்து பார்க்காதீர்கள். மருந்து புகட்டாதீர்கள். குழந்தைகளை முதலில் வெளியே அனுப்பிவிட்டு, நாயை ஓர் அறையிலோ கூண்டிலோ விட்டுக் கதவைச் சாத்துங்கள். தண்ணீர்ச் சட்டியைக் கம்பால் தள்ளி வையுங்கள். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். அடித்துக் கொன்றுவிடவும் வேண்டாம். அடிக்கப் போகிறவர்தான் கடிபடுகிறார். செத்துப்போனால் வெறுங்கையால் தொடாமல், கையில் உறை போட்டு, ஆழமாகக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். அது படுத்த சாக்கைக் கொளுத்திவிடுங்கள், தரையைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் கழுவுங்கள்.

பிறகு வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து ஒரு கேள்வி கேளுங்கள். கடந்த பத்து, பதினைந்து நாளில் அது யாரை நக்கியது, யாரைப் பிறாண்டியது, யார் அதன் வாயில் கை வைத்தார்கள்? நோயின் அடையாளம் வெளியே தெரிவதற்குச் சில நாள் முன்பே எச்சிலில் கிருமி வந்துவிடும் என்பதால்தான் இத்தனை நாள் பின்னோக்கிக் கேட்கச் சொல்கிறோம். குழந்தைகளை மிரட்டிக் கேட்காதீர்கள். அடி விழும் என்று பயந்தால் பிள்ளை பொய்தான் சொல்லும். உலகில் சந்தேகப்படும்படியான பிராணிகளிடம் கடிபடுகிறவர்களில் நூற்றுக்கு 40 பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சிறு பிள்ளையின் முகம் நாயின் வாய்க்கு நேராக இருக்கிறது. முகத்தில் பட்ட கடி மூளைக்குப் பக்கம், அதனால் நோயும் சீக்கிரம் வரும்.

காயம், புண் எதுவும் இல்லாத தோலை நாய் நக்கினால் ஆபத்தில்லை. கழுவினால் போதும். தோலில் பல் பதிந்தாலும், ரத்தம் வராத சிராய்ப்பு ஏற்பட்டாலும் தடுப்பூசி வேண்டும். ரத்தம் வந்தால், அல்லது எச்சில் புண்ணிலோ வாயிலோ கண்ணிலோ பட்டால், தடுப்பூசியோடு இன்னொரு மருந்தும் வேண்டும். அதைக் கீழே சொல்கிறோம்.

முதல் மருந்து சோப்பு

இதைச் சொன்னால் பலருக்குச் சிரிப்பு வருகிறது. கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் கரைத்துவிடும். கடி பட்ட இடத்தைக் குழாயடியிலோ, சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றியோ, சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். பதினைந்து நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட நீளமானது. கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். துணி துவைக்கிற சோப்பானாலும் சரி, வீட்டில் இருப்பது எதுவோ அது. ஊரிலிருந்து ஆஸ்பத்திரி தூரம் என்றால் வண்டி வருவதற்குள் இதைச் செய்துவிடலாம்.

மஞ்சள், மிளகாய்த் தூள், சுண்ணாம்பு, காப்பித் தூள், எண்ணெய், பச்சிலைச் சாறு இவற்றில் எதையும் வைக்கவேண்டாம். புண்ணைக் கிளறிவிடுவதால் கிருமி நரம்புக்குள் போக வழிதான் பிறக்கும். இறுக்கிக் கட்டுப் போடவும் வேண்டாம். மந்திரிக்கப் போகிறவர்களை நாங்கள் கேலி செய்யவில்லை. ஊசி போட்டுவிட்டு, பிறகு எந்தக் கோயிலுக்கு வேண்டுமானாலும் போய் வாருங்கள்.

தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசியா?

பெரியவர்கள் இன்னும் அதைச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். அது ஆட்டு மூளையிலிருந்து செய்த பழைய மருந்து. 1907-ல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் தயாராகி ஊர் ஊராகப் போனது. வலியும் உண்டு, சிலருக்குக் கெடுதலும் செய்தது. ஆனாலும் அந்த நாளில் எத்தனையோ பேரைக் காப்பாற்றிய மருந்து, அதை மறக்கக்கூடாது. 2005-க்குப் பிறகு நம் நாட்டில் அந்த ஊசி கிடையாது. இப்போது போடுவது வேறு. கையின் மேல்பகுதியில், தோலுக்குள் மிகச் சிறிய அளவு, இரண்டு இடத்தில் போடுகிறார்கள். வயிற்றில் போடுவதே இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு ஆஸ்பத்திரியிலும் காசில்லாமல் போடுகிறார்கள்.

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், கைக்குழந்தைகள், எல்லோரும் போட்டுக்கொள்ளலாம். "மாசமா இருக்கா, வேணாம்" என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். பத்தியம் கிடையாது. கறி, மீன் சாப்பிடலாம்.

ஆழமான கடியானால், ஊசி வேலை செய்து உடம்பில் எதிர்ப்புச் சக்தி உண்டாக ஒன்றிரண்டு வாரமாவது ஆகும். அதுவரை காவல் வேண்டுமே? அதற்காகக் காயத்திலேயே சுற்றிப் போடும் மருந்து ஒன்று உண்டு, இம்யூனோகுளோபுலின் என்று பெயர். ஒரே தடவைதான். முதல் ஊசியோடு போட வேண்டும், தவறினால் ஏழு நாளுக்குள். சிறிய நிலையங்களில் இருப்பில் இல்லாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுக்கலாம். அந்தச் சீட்டை மடித்து வைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பாதீர்கள், அன்றைக்கே போங்கள்.

கடித்தது நம் வீட்டு நாயாக, நன்றாக இருக்கிற நாயாக இருந்தால்? ஊசியை உடனே தொடங்கிவிட்டு, நாயைக் கட்டிப்போட்டுப் பத்து நாள் பார்க்க வேண்டும். பத்து நாளும் அது சுகமாக இருந்தால் கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று பொருள். மீதி ஊசி வேண்டுமா என்பதை டாக்டர் சொல்வார். "பத்து நாள் பாத்துட்டு அப்புறம் போடலாம்" என்று திருப்பிப் போட்டு நடப்பவர்கள்தான் அதிகம். அது தவறு. மனிதருக்கு நோய் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதத்தில் வெளிப்படுகிறது, சில வேளை ஒரு வருடம் கழித்தும் வரும். வெளிப்பட்டுவிட்டால் காப்பாற்றுவது அநேகமாக நடவாத காரியம்.

குட்டியைக் கொண்டுவந்த அன்றே

நாய் வளர்க்காதீர்கள் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. மூன்று மாதம் நிறைந்ததும் குட்டிக்கு முதல் வெறிநோய்த் தடுப்பூசி, டாக்டர் சொல்லும் தேதியில் மறு ஊசி, பிறகு வருடம் தவறாமல் ஒன்று. அதற்கு முந்திய மாதங்களில் குட்டிக்குக் காவல் இல்லை. அதைத் தெருநாய்களோடு விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் அதற்கு முகத்தைக் கொடுத்து முத்தமிடவும் விடாதீர்கள். தெருவில் கண்டெடுத்த குட்டியானால், எவ்வளவு கொழுகொழுவென்று இருந்தாலும், முதல் நாளே கால்நடை டாக்டரிடம் காட்டுங்கள்.

கடைசியாக, ஊசி போடும் நாட்கள். போட்டுக்கொண்ட முதல் நாளுக்குக் கணக்கு பூஜ்யம். அதிலிருந்து 3, 7, 28-ம் நாட்களில் மற்றவை. முதல் ஊசி திங்கட்கிழமை என்றால் அடுத்தது அந்த வாரமே வியாழன், மூன்றாவது மறு திங்கள், நாலாவது அதற்கு மூன்று வாரம் தள்ளி வரும் திங்கள். மூன்று ஊசி முடிந்ததும் புண் ஆறிவிடும், வயல் வேலை வந்துவிடும், நாலாவதை மறந்துவிடுவார்கள். வெளியூர் போக நேர்ந்தால் அங்குள்ள அரசு ஆஸ்பத்திரியில் சீட்டைக் காட்டிப் போட்டுக்கொள்ளலாம். சீட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டாமல், காலண்டர் மாட்டிய ஆணியிலேயே குத்தி வையுங்கள்.