ஷாப்ட் மாட்டிய பிறகு வண்டி உதறினால்

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு: நாமக்கல் பக்கம் நாற்பது வருடத்துக்கு மேல் லாரிக்கு அடியில் படுத்து வேலை பார்த்தவன் நான். புது புரொப்பெல்லர் ஷாப்ட் போட்டு அனுப்பிய வண்டி மறுநாளே "உதறுது அண்ணே" என்று திரும்பி வந்து நிற்கும்போது கை கால் ஓடாது. அந்த நேரத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. கழற்றும் முன் குறி போடு. கியர்பாக்ஸ் ஃபிளாஞ்ச், ஷாப்டின் இரண்டு முனை, ஸ்லிப் யோக், பின் ஆக்சில் ஹவுசிங் பக்கத்து ஃபிளாஞ்ச் எல்லாவற்றிலும் சென்டர் பஞ்சால் ஒரு புள்ளி. சாக்பீஸ் கோடு டீசல் பட்டதும் போய்விடும். புது ஷாப்ட்தானே வரப்போகிறது, பழைய குறி எதற்கு என்று நினைக்காதே. எது எந்தத் திசையில் இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

2. சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வை. கியரில் நிற்கிறது என்று நம்பாதே. ஷாப்ட் கையில் வந்த நொடியில் கியருக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அற்றுப்போகும். சரிவில் வண்டி உன் மேலேயே உருளும்.

3. உதறல் எப்போது வருகிறது என்று முதலில் டிரைவரைக் கேள். பிறகு நீயே பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டிப் பார். அதற்கு முன் ஸ்பானரைத் தொடாதே. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது மட்டும் குலுக்கினால் கோணத்தையும் சென்டர் பேரிங்கையும் சந்தேகி. குறிப்பிட்ட வேகத்தில் தொடங்கி, லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே மாதிரி உதறினால் பேலன்ஸைச் சந்தேகி. ஆக்சிலேட்டரை மிதித்தால் கூடி, விட்டால் குறைந்தால் மறுபடியும் கோணம்தான். வெறிச்சோடிய சமதளச் சாலையில் அதே வேகத்தில் நியூட்ரலுக்குக் கொண்டுவந்து பார். இறக்கத்தில் மட்டும் இதைச் செய்யாதே. உதறல் நிற்காமல் தொடர்ந்தால் இன்ஜினை விட்டுவிட்டு ஷாப்டையும் சக்கரத்தையும் பார்.

4. இரண்டு முனை யோக்கின் காதுகளும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பார். என் அனுபவத்தில் திரும்பி வந்த வண்டிகளில் அதிகம் இந்தத் தவறுதான். காரணத்தைப் புரிந்துகொண்டால் ஆயுளுக்கும் மறக்காது. யோக்குகளை இணைக்கும் கிராஸ் கோணத்தில் சுற்றும்போது உள்ளே வருகிற வேகம் சீராக இருந்தாலும், வெளியே போகிற வேகம் ஒரு சுற்றுக்கு இரண்டு தரம் கூடும், இரண்டு தரம் குறையும். பத்து டிகிரி கோணத்தில் மேலும் கீழும் ஒன்றரை சதவீதம்; இருபது டிகிரியில் ஆறு சதவீதத்துக்கு மேல். பின்பக்கத்துக் கிராஸ் அதே கோணத்தில், காதுகள் நேர்கோட்டில் நின்றால்தான் முன்பக்கம் செய்த ஏற்ற இறக்கத்தை அது அழிக்கும். ஸ்ப்லைனில் சில பல் தள்ளி மாட்டினாலே அது நடக்காது.

தொழில் பழகிய காலத்தில் நான் அப்படி மாட்டியிருக்கிறேன். ராத்திரி நேரம், லோடு ஏற்றிய வண்டி வாசலில் காத்திருந்தது. ஸ்லிப் யோக்கை உருவி கிரீஸ் வைத்தவன், அதிலிருந்த கம்பெனி அம்புக்குறியைத் துடைத்துப் பார்க்காமல் செருகிவிட்டேன். மூன்றாம் நாள் வண்டி வந்தபோது சென்டர் பேரிங் ரப்பர் கிழிந்து தொங்கியது. அந்த டிரைவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. இன்னொன்று: இரண்டு துண்டு ஷாப்ட் உள்ள சில வண்டிகளில் கம்பெனியே காதுகளை வேண்டுமென்று தள்ளி அமைத்திருக்கும். அங்கே உன் கண்ணை நம்பாதே, கம்பெனி குறியை நம்பு.

5. ஃபிளாஞ்ச் முகத்தைத் துடை. புது ஷாப்டின் பெயிண்ட், பழைய ஃபிளாஞ்சின் துரு, ஒரு மணல் துணுக்கு, எது இடையில் சிக்கினாலும் ஷாப்ட் மையம் விலகிச் சுற்றும். போல்ட்டை எதிரெதிராக முறுக்கு. உதறல் லேசாக இருந்தால் ஷாப்டின் ஒரு முனையை மட்டும் கழற்றி, ஃபிளாஞ்சில் அரைச் சுற்று திருப்பி மாட்டிப் பார். காது நேர்கோடு மாறாது. காசு செலவில்லாத வைத்தியம், பல தடவை பலித்திருக்கிறது.

6. கோணத்தை வண்டி தன் சக்கரத்தில், சமதளத்தில் நிற்கும்போது அள. ஜாக்கியில் தொங்கவிட்டு அளந்தால் எல்லாம் பொய். ஒற்றைத் துண்டு ஷாப்டில் முன், பின் கோணங்களுக்குள் வித்தியாசம் ஒரு டிகிரிக்குள் இருக்கட்டும். கோணமே இல்லாமலும் இருக்கக் கூடாது. ஊசி பேரிங் உருளாமல் ஒரே இடத்தில் கிராஸைக் குழித்துவிடும். ஸ்பிரிங் பட்டை கூடுதலாகச் சேர்த்திருக்கிறார்களா, யூ போல்ட் தளர்ந்திருக்கிறதா, கியர்பாக்ஸ் மவுண்டிங் அமுங்கியிருக்கிறதா என்று பார். பழைய ஷாப்ட் கெட்டுப்போனதே இதனால்தானோ என்று அப்போது தெரியும்.

7. பேலன்ஸ் விஷயம் மெஷினில்தான் தீரும். குழாயில் நசுங்கல், ஒட்டிய சேறு, வெல்டிங் விட்டு விழுந்த எடைத் துண்டின் தடம், இவற்றை மட்டும் நீ பார். ஜீப் அளவு வண்டிக்கு ஹோஸ் கிளிப்பை ஷாப்டில் இறுக்கி, அதன் தலையைக் கால் சுற்று கால் சுற்றாக நகர்த்தி ஓட்டிப் பார்க்கலாம். லாரி ஷாப்டில் நீயாக வெல்டு பொட்டு வைக்காதே. கிராஸ், யோக் எல்லாம் சேர்த்தே பேலன்சிங்குக்கு அனுப்பு.

8. டயரையும் விசாரி. ஜீப் டயரின் சுற்றளவு 2.2 மீட்டர் என்று வை. 60 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 455 சுற்று. ஹவுசிங் விகிதம் நாலுக்கு ஒன்று என்றால் ஷாப்ட் 1,820 சுற்று. சக்கரக் கோளாறு நிதானமாகத் தூக்கிப் போடும். ஷாப்ட் கோளாறு ரீங்காரமாக சீட்டிலும் தரையிலும் ஏறும். உள்ளங்காலால் கேட்கப் பழகு.

9. "ஓட ஓடச் சரியாகிவிடும்" என்று எந்த வண்டியையும் அனுப்பாதே. கியர்பாக்ஸ் பின் சீல் கசியும், போல்ட் தளரும், ஓடும்போது முன்முனை கழன்று சாலையில் குத்தும். ஷாப்டுக்குக் கீழே இருக்கும் பாதுகாப்பு வளையத்தைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு மறந்துவிடாதே. முதல் லோடு இறக்கி வந்ததும் வண்டியை ஒரு தரம் பட்டறைக்குக் கூப்பிட்டு, அத்தனை போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் மறுபடி பார்.