லேப்டாப் தவணை: மொத்தத்தைக் கூட்டிப் பாருங்கள்

மணவாள நகரிலிருந்து ஆலை வேலைக்குப் போகும் குடும்பங்கள், டேட்டா திட்டத்தோடு சேர்த்து விற்கும் லேப்டாப்பையோ போனையோ வாங்கும்போது மாதத் தவணையை மட்டும் பார்க்கக் கூடாது. எடுத்துக்காட்டாக, 2021-இல் வந்த ஜியோபோன் நெக்ஸ்டின் ரொக்க விலை அப்போது 6,499 ரூபாயாக இருந்தது. தவணையிலோ முன்பணம் 1,999, செயலாக்கக் கட்டணம் 501, மாதம் 300 வீதம் 24 மாதம், ஆக 9,700. கூடுதல் 3,201 ரூபாயில் மாதம் 5 ஜிபி டேட்டாவும் 100 நிமிடப் பேச்சும் அடக்கம் என்று விற்பவர்கள் சொல்வார்கள். நியாயமான பதில்தான்; மாதத்துக்கு 133 ரூபாய்தான் வருகிறது. ஆனால் பிள்ளைகள் வீடியோவில் பாடம் படிக்கும் வீட்டில் 5 ஜிபி சில நாளில் தீர்ந்துவிடும். அதற்கு மேல் போடும் ரீசார்ஜையும் சேர்த்தால்தான் உண்மை விலை தெரியும்.

கையில் மொத்தப் பணம் இல்லாதவருக்குத் தவணைதான் வழி. அவர்களும் ரொக்க விலையையும், இடையில் நிறுத்தினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதையும் எழுத்தில் வாங்கிய பிறகே கையெழுத்துப் போடட்டும்.