கரும்புக்கும் காட்டுப் புல்லுக்கும் கல்யாணம்

கேள்வி: கரும்பைக் கரணை வைத்துத்தானே நடுகிறோம், அதற்கு விதையும் உண்டா? (கோபிசெட்டிபாளையம் வாசகர்)

பதில்: உண்டு. பூத்த கரும்பின் வெண்குஞ்சத்தை உள்ளங்கையில் உதிர்த்துப் பார்த்தால், விதை பஞ்சோடு பஞ்சாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு விதை இரண்டு மில்லிமீட்டர்கூட இராது.

அந்தத் துளி விதைதான் இந்தியச் சர்க்கரையின் கதையையே மாற்றியது. அதற்கு முன், தடித்த கரும்பு வடக்கின் குளிரைத் தாங்கவில்லை. அங்கே விளைந்த மெல்லிய கரும்பில் மகசூல் இல்லை. நாடு ஜாவா சர்க்கரையை நம்பியிருந்தது. கலப்பு ரகம் உருவாக்க விதை வேண்டும். கோயம்புத்தூரில் கரும்பு நன்றாகப் பூத்து விதை கட்டும் என்பதால், 1912இல் அங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது.

அந்த நிலையத்தின் விஞ்ஞானிகள் சார்லஸ் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் துணிந்து ஒரு காரியம் செய்தார்கள். ‘வெள்ளை’ என்ற தித்திப்பான கரும்பை, இனிப்பே இல்லாத காட்டு நாணலோடு கலந்தார்கள். இனிப்பு கரும்பிலிருந்தும் தாக்குப்பிடிக்கும் சக்தி நாணலிலிருந்தும் வந்தன. இப்படிப் பிறந்து 1918இல் வெளியான கோ 205 ரகம் பஞ்சாப் வயல்களில் வேரூன்றியது.

வெங்கட்ராமன் பிறகு கரும்பை மூங்கிலோடும் கலந்து பார்த்தார். 1934இல் அந்த நிலையத்துக்கு வந்த தாவரவியலாளர் தலச்சேரி ஜானகி அம்மாள், கரும்பை மக்காச்சோளத்தோடே இணைத்துக் காட்டினார்.